இரத்தப் பரிசோதனையில் காசநோய்த் தொற்று ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

காசநோய்க் கிருமியை நம் உடல் எப்போதாவது எதிர்கொண்டிருக்கிறதா என்பதை, இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களின் எதிர்வினையைக் கொண்டு அறியும் சோதனை ‘இக்ரா’ எனப்படுகிறது. இன்டர்ஃபெரான் காமா வெளியீட்டுச் சோதனை என்பதன் சுருக்கம் அது. ஆய்வுக்கூடங்களில் இது பெரும்பாலும் ‘குவாண்டிஃபெரான்’, ‘டி-ஸ்பாட்’ என்னும் வணிகப் பெயர்களால் அறியப்படுகிறது. மதுரையில் வாத நோய் மருத்துவர், தோல் மருத்துவர், சிறுநீரக மருத்துவர், கண் மருத்துவர் ஆகியோர் இந்தச் சோதனையை எழுதிக் கொடுப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் செவிலியர்களும், குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களும் இதை எடுக்க நேர்கிறது.

அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்தவுடன் ‘எனக்குக் காசநோய் வந்துவிட்டது’ என்று முடிவு செய்பவர்களே அதிகம். அந்தச் சோதனை அப்படிச் சொல்லவில்லை. அது சொல்வது எது, சொல்லாதது எது, அதன் பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதே இக்கட்டுரை.

தொற்றும் நோயும்

காசநோய்க் கிருமி காற்று வழியாகப் பரவுகிறது. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது வெளிவரும் நுண்துளிகளை மற்றவர் சுவாசிக்க, கிருமி நுரையீரலின் அடிப்பகுதிவரை சென்று சேர்கிறது. அதன்பின் பெரும்பாலானோரின் உடலில் நடப்பது ஒரு முற்றுகை. வெள்ளணுக்கள் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகின்றன. கிருமி சிலருக்கு முழுவதும் அழிந்துபோகிறது. சிலருக்கு அடைபட்ட நிலையிலேயே பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கிறது. அவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. அவரிடமிருந்து யாருக்கும் பரவுவதும் இல்லை. இந்த நிலைக்குக் காசநோய்த் தொற்று என்று பெயர். ‘மறைநிலைத் தொற்று’ என்றும் எழுதுவார்கள்.

சுவர் உடைந்து கிருமி பெருகத் தொடங்கினால் அது காசநோய். தொற்று பெற்றவர்களில் வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இப்படி ஆகிறது. அவர்களிலும் பெரும்பங்கினருக்குத் தொற்று ஏற்பட்ட முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே நோய் வெளிப்பட்டுவிடுகிறது. மற்ற 90 பேருக்கும் மேல் நோய் வருவதே இல்லை.

இந்தியாவில் தொற்று எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 2019 முதல் 2021 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசிய அளவில் ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. அதன்படி 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. அதே வயதினரில் கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோய் ஒரு இலட்சத்துக்கு 316 பேருக்கு இருந்தது. இதை ஒரு தெருக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். பெரியவர்கள் 1000 பேர் வசிக்கும் ஒரு பகுதியில் 310 பேருக்குத் தொற்று இருக்கும். ஏறத்தாழ 3 பேருக்கு நோய் இருக்கும். அந்த ஆயிரம் பேருக்கும் இரத்தப் பரிசோதனை செய்தால், ‘பாசிட்டிவ்’ வரும் நூறு பேரில் ஒருவருக்குத்தான் அந்த நேரத்தில் நோய். வகுப்பில் விகிதக் கணக்கு நடத்தும்போது இப்படி ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருந்தால் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சோதனை வேலை செய்யும் விதம்

ஒரு பழைய ஆசிரியர் கடைவீதியில் தன் முன்னாள் மாணவரைக் கண்டவுடன் அடையாளம் தெரிந்துகொள்வதுபோல, ஒருமுறை காசநோய்க் கிருமியைச் சந்தித்த வெள்ளணுக்களுக்கு அதன் முகம் நினைவிருக்கும். இவற்றை நினைவு ‘டி’ செல்கள் என்பர். அதே கிருமியின் புரதத்தை மீண்டும் கண்டவுடன் இவை இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் செய்வது இதுதான்: கையிலிருந்து எடுத்த இரத்தத்தைக் கிருமியின் புரதத் துண்டுகள் பூசிய குழாயில் இட்டு, 37 பாகை செல்சியசில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, அதன்பின் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா சுரந்திருக்கிறது என்று அளக்கிறார்கள்.

ஆசிரியர் மாணவரை அடையாளம் கண்டுகொண்டார் என்பதால், அவர் எந்த ஆண்டில் படித்தார் என்றோ இன்றும் பள்ளியில்தான் இருக்கிறார் என்றோ பொருளாகாது. இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். கிருமி உள்ளே வந்தது போன மாதமா, நாற்பது ஆண்டுக்கு முன்பா என்று அது சொல்லாது. கிருமி இப்போது உயிரோடு இருக்கிறதா என்றும் சொல்லாது.

இந்தச் சோதனைக்கு இரண்டு புரதங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று ‘ஈசாட்-6’, மற்றது ‘சிஎஃப்பி-10’. இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தியக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இடது தோளில் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து உருவாக்கப்பட்டது. கால்மெட், குவெரின் என்னும் இரு பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1908 தொடங்கி 13 ஆண்டுகள், 230 முறை அக்கிருமியை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குறைத்தார்கள். அந்த நீண்ட வளர்ப்பில் கிருமி தன் மரபணுவில் ஒரு பகுதியை இழந்தது. மேற்சொன்ன இரண்டு புரதங்களும் அந்த இழந்த பகுதியைச் சேர்ந்தவை. ஆகவே ‘சின்ன வயதில் தடுப்பூசி போட்டதால்தான் பாசிட்டிவ் வந்திருக்கும்’ என்று சிலர் சொல்லும் ஆறுதல் இக்ரா சோதனைக்குப் பொருந்தாது.

பழைய மாண்டூ சோதனைக்கு அது ஓரளவு பொருந்தும். முன்கையில் தோலுக்குள் சிறிது மருந்தை ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளவுகோலால் அளப்பது மாண்டூ. பொதுவாக 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் பாசிட்டிவ், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மில்லிமீட்டர் போதும். இதில் பயன்படும் மருந்து பல புரதங்களின் கலவை. அவற்றில் சில பி.சி.ஜி.யிலும் உண்டு, மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய் உண்டாக்காத உறவுக் கிருமிகளிலும் உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்த உறவுக் கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வில், காசநோய்க் கிருமியால் அல்லாமல் இத்தகைய கிருமிகளால் தோல் தடிப்பவர்கள் மிக அதிகம் என்பது தெரியவந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற ஏமாற்றமான முடிவும் அந்த ஆய்விலிருந்தே கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத் தடுப்பதால்தான் அந்த ஊசி இன்றும் போடப்படுகிறது.

இக்ராவின் அதே இரண்டு புரதங்களைக் கொண்டு தோலில் செய்யும் ‘சை-டிபி’ என்ற புதிய சோதனையும் இப்போது இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. ஆய்வுக்கூடம் தேவையில்லை என்பது அதன் வசதி.

அறிக்கையை வாசிப்பது

குவாண்டிஃபெரான் பிளஸ் அறிக்கையில் நான்கு எண்கள் இருக்கும். கடைசியில் தடித்த எழுத்தில் இருக்கும் முடிவை மட்டும் பார்க்காமல் இந்த நான்கையும் பார்ப்பது நல்லது.

முதல் குழாய் ‘நில்’. இதில் எதுவும் கலப்பதில்லை. சும்மா இருக்கும்போதே உங்கள் இரத்தத்தில் எவ்வளவு இன்டர்ஃபெரான் காமா இருக்கிறது என்று காட்டுவது இது. அடுத்த இரண்டும் ‘டிபி1’, ‘டிபி2’. இவற்றில்தான் கிருமியின் புரதத் துண்டுகள் உள்ளன. நான்காவது ‘மைட்டோஜென்’. யாருடைய வெள்ளணுக்களையும் தூண்டிவிடக்கூடிய ஒரு பொருள் இதில் இருக்கிறது. வெள்ளணுக்கள் வேலை செய்யும் நிலையில் உள்ளனவா என்று சரிபார்ப்பதற்காக.

டிபி1 அல்லது டிபி2 அளவிலிருந்து நில் அளவைக் கழிக்க வேண்டும். விடை 0.35 ஐ.யூ. அல்லது அதற்கு மேல் இருந்து, நில் அளவில் கால் பங்குக்குக் குறையாமலும் இருந்தால் பாசிட்டிவ். இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும். எடுத்துக்காட்டாக நில் 0.12, டிபி1 0.61, டிபி2 0.40, மைட்டோஜென் 9.2 என்று வைத்துக்கொள்வோம். டிபி1-இல் கழித்தால் 0.49, எல்லையைத் தாண்டிவிட்டது. டிபி2-இல் கழித்தால் 0.28, தாண்டவில்லை. முடிவு பாசிட்டிவ்தான்.

ஆனால் இந்த 0.49-ஐயும் இன்னொருவருக்கு வந்த 7.8-ஐயும் ஒரே மாதிரி வாசிக்கக் கூடாது. எல்லைக்கு அருகில் உள்ள எண்கள் நிலையற்றவை. அதே ஆளுக்குச் சில வாரம் கழித்து மறுபடி செய்தால் எல்லைக்குக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. குழாயைக் குலுக்கிய விதம், இரத்தத்தின் அளவு, காத்திருந்த நேரம் எல்லாம் அந்தச் சிறு வித்தியாசத்தை உண்டாக்கப் போதும். நோய்வாய்ப்படும் அபாயம் குறைவாக உள்ள ஒருவருக்கு எல்லையோர எண் வந்தால், மருத்துவர் இன்னொரு முறை செய்யச் சொல்வது நியாயமே.

மறுபக்கம், எண் பெரிதாக இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று நினைப்பதும் தவறு. இது சர்க்கரை அளவு போன்றதல்ல. 10-க்கு மேல் வந்தவர் பூரண நலத்தோடு இருக்கலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு 0.5 வரலாம்.

‘இன்டிடெர்மினேட்’ என்று வந்தால் அது பாசிட்டிவும் அல்ல, நெகட்டிவும் அல்ல. சோதனை தோற்றது என்று பொருள். மைட்டோஜென் குழாயிலும் வெள்ளணுக்கள் அசையாதபோது இப்படி வரும். எதிர்ப்பு சக்தி மிகவும் தளர்ந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு அதிகம் எடுப்பவர்களுக்கும் வரலாம். இரத்தத்தைக் கையாண்ட விதத்தாலும் வரலாம். இரத்தம் எடுத்துக் குழாய்களில் இட்ட 16 மணி நேரத்துக்குள் அவற்றை 37 பாகை வெப்பப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதுவரை மிதமான அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ காலையில் எடுத்த இரத்தம், சித்திரை மாதத்து வெயிலில் பேருந்தில் மதுரை வந்து சேர்வதை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை புரியும். வெளியூரிலிருந்து வருபவர்கள் சோதனை நடக்கும் கூடத்துக்கே நேரில் சென்று இரத்தம் கொடுப்பது பாதுகாப்பு.

வேறு இரத்தப் பரிசோதனைகளோடு குழப்பம்

இ.எஸ்.ஆர். அதிகமாக இருந்தால் காசநோய் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். இ.எஸ்.ஆர். உடலில் எந்த அழற்சி இருந்தாலும் கூடும்; இரத்தசோகையிலும் கூடும். அது காசநோய்ச் சோதனை அல்ல.

இன்னொன்று, காசநோய்க் கிருமிக்கு எதிரான ‘ஐ.ஜி.ஜி.’, ‘ஐ.ஜி.எம்.’ என்னும் எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் தேடும் சோதனை. ஒரு காலத்தில் தனியார் ஆய்வுக்கூடங்களில் இது கொடிகட்டிப் பறந்தது. நோய் உள்ளவருக்கு இல்லை என்றும், இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் சொல்லி ஏராளமானோரை அலைக்கழித்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாக அறிவித்தது. இந்திய அரசு 2012-இல் இதன் உற்பத்தி, விற்பனை, இறக்குமதிக்குத் தடை விதித்தது. பழைய கோப்பில் அப்படி ஓர் அறிக்கை இருந்தால் அதற்கு மதிப்பில்லை.

இக்ரா தடைசெய்யப்பட்டது அல்ல. ஆனால் அதையும் நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. 2014-இல் வெளியான இந்தியக் காசநோய்ப் பராமரிப்புத் தரநிலைகளும் அதையே சொல்கின்றன. தொற்றைக் கண்டறியவே அது உருவாக்கப்பட்டது. நோய் இருப்பவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்தச் சோதனை நெகட்டிவ் காட்டிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக இருமுகிறவர் ‘இக்ரா நெகட்டிவ், எனக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டில் இருந்துவிட்டால் அது பாசிட்டிவைக் கண்டு பயப்படுவதைவிடப் பெரிய ஆபத்து. அவருக்குத் தேவை சளிப் பரிசோதனை.

பாசிட்டிவ் வந்த பிறகு

முதல் வேலை, நோய் இல்லை என்று உறுதி செய்வது. மருத்துவர் நான்கு கேள்விகள் கேட்பார்: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, இரவில் வியர்க்கிறதா. கழுத்தில், அக்குளில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பிறகு நெஞ்சு எக்ஸ்ரே. அறிகுறி எதுவும் இல்லையே, எக்ஸ்ரே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன தேசியக் கணக்கெடுப்பில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தவறவிடப்பட்டிருப்பார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அறிகுறி இல்லாதவர்கள்.

அறிகுறியோ எக்ஸ்ரேயில் மாற்றமோ இருந்தால் சளியை ‘சிபிநாட்’ அல்லது ‘ட்ரூநாட்’ கருவியில் சோதிப்பார்கள். இவை கிருமியின் மரபணுவையே தேடுகின்றன. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

இந்த இடத்தில் இரண்டு வகைத் தவறுகள் நடக்கின்றன. முதலாவது, எக்ஸ்ரேயும் இல்லாமல் சளியும் பார்க்காமல், இரத்த அறிக்கையை மட்டும் நம்பி நான்கு மருந்துகள் கொண்ட முழுக் காசநோய்ச் சிகிச்சையை ஆறு மாதம் கொடுத்துவிடுவது. தேவையில்லாத ஒருவர் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு, கல்லீரல் பாதிப்பு அபாயத்தையும் அக்கம்பக்கத்தாரின் பேச்சையும் தாங்க வேண்டியதாகிறது. இரண்டாவது இதற்கு நேர்மாறு: நோய் இருப்பவரைத் தொற்று மட்டும் உள்ளவர் என்று எண்ணி ஒற்றை மருந்து கொடுப்பது. தொற்றில் கிருமிகள் சொற்பம். ஒரு மருந்து போதும். நோயில் அவை கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அவற்றில் ஒரு மருந்துக்கு மடியாதவை சில இயல்பாகவே இருக்கும். அவை தப்பிப் பெருகினால் அந்த மருந்து அவருக்குப் பயனற்றுப்போகும். எக்ஸ்ரேக்கு ஆகும் ஒரு மணி நேரத்தைச் சோம்பலால் தவிர்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கண் மருத்துவத்தில் மட்டும் நிலைமை சற்றுச் சிக்கலானது. கண்ணுக்குள் ஏற்படும் ‘யுவியைட்டிஸ்’ என்ற அழற்சிக்குக் காசநோய் ஒரு காரணமாக இருக்கக்கூடும். கண்ணுக்குள்ளிருந்து கிருமியை எடுத்துக் காட்டுவது அரிது. அதனால் அழற்சியின் தோற்றம், எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டே மருத்துவர் முடிவெடுக்கிறார். தென் மாவட்டங்களிலிருந்து கண் சிகிச்சைக்கு மதுரை வருபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. அங்கேயும் பாசிட்டிவ் என்பது ஒரு சாட்சி, தீர்ப்பு அல்ல.

வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால்

சித்தப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்தபின் வீட்டில் எல்லோருக்கும் சோதனை செய்ய, மூவருக்குப் பாசிட்டிவ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே சித்தப்பாவின் தட்டும் டம்ளரும் தனியாகின்றன. அவர் படுக்கை திண்ணைக்குப் போகிறது. இந்தப் பழக்கம் எவ்வளவு பயனற்றது என்பதைக் காட்டிய ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சியே. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் அதற்கு ஒரு பிரிவு உண்டு. அந்த மையம் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியினர் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றனர். மறுபாதியினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டனர். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அவர்கள் குடும்பத்தினருக்கும், சானடோரியம் சென்றவர்களின் குடும்பத்தினரைவிட அதிகமாக நோய் வரவில்லை. பரவுதல் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சரியான மருந்து தொடங்கியபின் பரவும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. காசநோய் தட்டிலும் டம்ளரிலும் பரவுவதும் இல்லை. நோயாளிகளை மலைக்காற்று தேடி அனுப்பும் வழக்கம் உலகெங்கும் மறைந்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு முக்கியக் காரணம்.

ஆகவே அந்த மூவரின் பாசிட்டிவ், சித்தப்பா மருந்து தொடங்குவதற்கு முன் வந்த தொற்றாகவே பெரும்பாலும் இருக்கும். அவர்களிடமிருந்து வேறு யாருக்கும் பரவாது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவியை, இந்த அறிக்கை ஒன்றைக் காரணம் காட்டி, விடுதியிலிருந்து இரண்டு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, இருமலும் இல்லை. அவளைத் தள்ளி வைத்ததற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்கள் அவை.

அண்மையில் தொற்று பெற்றவர்களுக்கே நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், வீட்டில் உள்ள இந்த மூவரையும் சும்மா விட்டுவிடக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கவே வேண்டாம்; நோய் இல்லை என்று பார்த்தவுடன் தடுப்பு மருந்து தொடங்குவார்கள். சிறு குழந்தைகளில் தொற்று சில வாரங்களிலேயே மூளைக்காய்ச்சலாக மாறக்கூடும். பெரியவர்களுக்கு முதல் சோதனை நெகட்டிவ் வந்தாலும், தொற்று ஏற்பட்டு எட்டு வாரம் வரை சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தடுப்பு மருந்து யாருக்கு?

பாசிட்டிவ் வந்த எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. முப்பது விழுக்காடு பெரியவர்களுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்க முடியாது, அவசியமும் இல்லை. சுவர் உடையும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவர்களுக்கே முன்னுரிமை. 2021-இல் வெளியான இந்திய வழிகாட்டுதல்படி நோயாளியின் வீட்டார், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மூட்டுவாதத்துக்கும் சோரியாசிசுக்கும் கொடுக்கப்படும் ‘டி.என்.எஃப்.’ எதிர்ப்பு ஊசி போடுபவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், உறுப்பு மாற்று அறுவைக்குத் தயாராகிறவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், சிலிகோசிஸ் உள்ளவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். டி.என்.எஃப். என்பது அந்தச் சுவரைக் கட்டிக் காக்கும் பொருள்களில் ஒன்று. அதை ஊசி மூலம் அடக்கினால் சுவர் தளரும். வாத நோய் மருத்துவர் ஊசிக்கு முன் இக்ரா கேட்பது இதனால்தான்.

சிலிகோசிஸ் என்பது கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளிலும், கல் உடைக்கும் ஆலைகளிலும் பல ஆண்டு வேலை செய்தவர்கள் பாசிட்டிவ் அறிக்கையோடு மருத்துவரிடம் போகும்போது, அந்த வேலையைப் பற்றித் தாமாகவே சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் காசநோயாளிகளிடம் செய்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு ஒன்றை மட்டும் வைத்து எல்லோருக்கும் தடுப்பு மருந்து கொடுப்பதில்லை. ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது சுவருக்குப் பலம்.

மருந்தில் இரண்டு முறைகள் இந்தியாவில் வழக்கில் உள்ளன. ஒன்று ஐசோனியசிட் மாத்திரையை நாள்தோறும் ஆறு மாதம் எடுப்பது. மற்றது ஐசோனியசிட், ரிஃபாபென்டின் இரண்டையும் சேர்த்து வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வேளை எடுப்பது. பின்னது மூன்று மாதத்தில் முடிந்துவிடுவதால் பாதியில் நிறுத்துபவர்கள் குறைவு. ரிஃபாபென்டின் எடுக்கும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அதற்குப் பயப்பட வேண்டாம். கருத்தடை மாத்திரையின் வேலையை அது கெடுக்கும் என்பதையும், கர்ப்பிணிகளுக்கு அந்த முறை பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதையும் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். இரண்டு முறையிலும் கல்லீரலில் கவனம் வேண்டும். பசியின்மை, வாந்தி, கண் மஞ்சளாதல் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மது அருந்துபவர்கள் அதை மறைக்கக் கூடாது. கை கால் மதமதப்பு வராமல் இருக்க பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். வீட்டில் உள்ள நோயாளியின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் இந்த முறைகள் பொருந்தாது; அதற்குத் தனி மருந்துகள் உண்டு.

மருந்தோடு சோறும் பேசப்பட வேண்டியது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் கூடுதலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நுரையீரல் வழியே பரவக்கூடிய வகை ஏறத்தாழ பாதியானது. தடுப்பு மருந்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எடை குறைந்த பாசிட்டிவ்காரர் முதலில் எடை ஏற வேண்டும்.

மறுபடி சோதிக்க வேண்டுமா?

தடுப்பு மருந்தை முழுவதும் முடித்தவர்கள் ‘இப்போது நெகட்டிவ் ஆகியிருக்குமா’ என்று மறுபடி சில ஆயிரம் ரூபாய் செலவழிப்பது வீண். நினைவு செல்களின் நினைவு மருந்தால் அழிவதில்லை. கிருமி ஒழிந்தபிறகும் பல ஆண்டுகள் பாசிட்டிவே வரும். காசநோய்க்கு முன்பு முழுச் சிகிச்சை எடுத்துக் குணமானவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே முதல் அறிக்கை, எக்ஸ்ரே, மருந்து தொடங்கிய நாள், முடித்த நாள் ஆகியவற்றை ஒரு கோப்பில் பத்திரப்படுத்த வேண்டும். வேலைக்கோ விசாவுக்கோ பிறகு கேட்கும்போது காட்ட வேண்டியவை அவைதாம்.

மருந்து எடுக்காமல் கண்காணிப்பில் மட்டும் இருப்பவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, காரணமில்லாத எடைக்குறைவோ வந்தால் அன்றே ‘எனக்குத் தொற்று பாசிட்டிவ்’ என்று சொல்லிச் சளிப் பரிசோதனை கேட்க வேண்டும். மதுரை மாவட்டத்தில் இதற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். அங்கிருந்து தேவைப்பட்டால் அரசு இராஜாஜி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்கோ, தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666.